மாதாந்த பிட்யூட்டரி ஊசி: அரச கிளினிக்கில் எப்படிப் பெறுவது?

பிட்யூட்டரிக் கட்டிக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியை இலங்கையின் அரச வைத்தியசாலையில் காசில்லாமல் எடுக்கலாமா? எடுக்கலாம். வைத்தியசாலை தரும் மருந்துக்கு நோயாளி பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் இந்த ஊசி பரசிற்றமோல் போல எந்த நாளும் அலுமாரியில் இருக்கும் பொருள் அல்ல. உங்கள் பெயருக்கு என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்தால்தான் கைக்கு வரும்.

முதலில், இந்த ஊசி யாருக்கு? மூளைக்கு அடியில் கடலை அளவில் இருக்கும் பிட்யூட்டரியில் வரும் கட்டி வளர்ச்சி ஓமோனை அளவுக்கு மீறிச் சுரந்தால் கை, கால், தாடை பெருக்கும். மோதிரம் இறுகும், செருப்பு அளவு கூடும். அக்ரோமெகலி என்பது அதுதான். பெரும்பாலும் மூக்கு வழியாகச் செய்யும் அறுவைச் சிகிச்சையே முதல் வழி. அதன் பிறகும் ஓமோன் இறங்காதவர்களுக்கும் ஒப்பரேஷன் செய்ய முடியாதவர்களுக்கும்தான் ஒக்ட்ரியோடைட், லான்ரியோடைட் போன்ற நீண்டநாள் ஊசிகள். புரோலக்டின் (பால் சுரக்கவைக்கும் ஓமோன்) சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் கபெர்கோலின் குளிசையே போதும். "கட்டி" என்று கேட்டவுடன் ஊசிக்கு அலைய வேண்டாம்.

இனி, வழி. பலர் மாலையில் சனல் பண்ணி, அதாவது தனியாரிடம் காசு கட்டி, நிபுணரைப் பார்த்து மருந்துத் துண்டு வாங்குகிறார்கள். அந்தத் துண்டைக் கொண்டுபோய் அரச வைத்தியசாலை மருந்தகத்தில் நீட்டினால் மருந்து கிடைக்காது. தேசிய வைத்தியசாலை, களுபோவில போன்ற இடங்களில் அகஞ்சுரப்பியியல் கிளினிக்கில் பதிந்து, கிளினிக் கொப்பியில் அங்குள்ள விசேட வைத்திய நிபுணர் எழுத வேண்டும். சனலில் பார்க்கும் நிபுணரே அரச வைத்தியசாலையிலும் வேலை செய்பவராக இருக்கலாம். கிளினிக்குக்குக் கடிதம் தாருங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஸ்கேன், ஒப்பரேஷன் அறிக்கை, ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஓமோன் கூடியிருக்கிறதா என்று காட்டும்) இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள்.

வைத்தியசாலைகளுக்கு மருந்து அனுப்புவது சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு. வழமையான பட்டியலில் இல்லாத மருந்தை, நிபுணரின் கோரிக்கையின் பேரில், குறித்த நோயாளியின் பெயருக்கே தருவிக்கும் முறையும் உண்டு. இருப்பு முடிந்தால் வைத்தியசாலையே வெளியில் வாங்கித் தரவும் இடமிருக்கிறது. இரண்டுமே ஒரே நாளில் நடப்பவை அல்ல. அதனால் ஊசி போடும் அன்றைக்கே, "அடுத்ததுக்கு மருந்து இருக்குமா, இல்லையென்றால் இப்போதே கடிதம் எழுதலாமா?" என்று கேட்டுவிடுங்கள். 2022 மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஊசி சில நாள் தள்ளிப்போனால் உடனே ஆபத்தில்லை. ஆனால் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் ஓமோன் மறுபடி ஏறும்.

வெளியில் வாங்கத்தான் வேண்டும் என்றால் அரச மருந்தகமான ஒசுசலவில் முதலில் விசாரியுங்கள். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் கொண்டுவாருங்கள். ஐஸ் நேரே படவோ மருந்து உறையவோ கூடாது. ஒக்ட்ரியோடைட் தூளாக வரும். போடுவதற்குச் சற்று முன்தான் கலக்க வேண்டும். ஆகவே யார், எங்கே போடுவார்கள் என்று பேசி வைத்துவிட்டு வாங்குங்கள். விலை சாதாரண ஊசியின் விலை அல்ல. கலப்பதில் பிழைத்தால் அவ்வளவும் வீண்.

பணம் முட்டினால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எல்லா நோய்க்கும் அது கொடுப்பதில்லை. உங்கள் சிகிச்சை அதற்குள் வருகிறதா என்று கேட்டுவிட்டே படிவத்தை நிரப்புங்கள். தமிழும் அரசகரும மொழிதான், அதனால் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

வழமையாக முதல் மூன்று மாதம் ஒரே அளவு. பிறகு ஐ.ஜி.எஃப்-1 பார்த்துக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். லான்ரியோடைட் நன்றாக வேலை செய்தால் சிலருக்கு ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறையாக இடைவெளியை நீட்டவும் முடியும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வயிற்றோட்டம், பித்தப்பைக் கல், சீனி ஏற்ற இறக்கம் வரலாம். வலது விலாவுக்குக் கீழே விடாமல் நொந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் திகதி, மில்லிகிராம் அளவு, பிட்டத்தில் எந்தப் பக்கம் போட்டது என்பதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒக்ட்ரியோடைட் என்றால் அடுத்த ஊசி மற்றப் பக்கத்தில்.