டயோராமா: ஒரு பெயர்ப்பலகைக்காகத் தேடிய சொல்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், தம் தகப்பனார் பணியாற்றிய மதராஸ் சேப்பர்கள் என்ற படைப் பொறியாளர் பிரிவின் நினைவாக, இரண்டடி நீளப் பலகை ஒன்றின்மேல் இத்தாலிய மலைச்சரிவு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதன் அடியில் பதிக்கப்போகும் பெயர்ப்பலகையில், நிலமும் சிறு உருவங்களும் கொண்ட இத்தகைய காட்சியமைப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டயோராமா' என்ற சொல்லை எழுத மனமில்லாமல், தமிழில் என்ன எழுதலாம் என்று அவர் கேட்டதே இக்குறிப்புக்குக் காரணம். அவர் வீட்டில் அதற்கு ஏற்கெனவே மூன்று பெயர்கள் வழங்குகின்றன. அவர் 'மாடல்' என்கிறார். அவருடைய துணைவியார் 'செட்டு' என்கிறார். பேரப்பிள்ளைகள், கொலுப்படிக்கு முன்னால் கண்ணாடியைக் குளமாக்கி, கடுகு முளையைப் புல்லாக்கி அமைப்பார்களே, அந்தப் 'பார்க்' என்ற பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள்.

'டயோராமா' என்பது கிரேக்க வேர்களைக் கொண்டு பிரான்சில் ஆக்கப்பட்ட சொல். 'டியா' என்றால் ஊடாக. 'ஹொராமா' என்றால் காட்சி. அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியரின் வட்டச்சுவர் ஓவியத்தோடு புழக்கத்துக்கு வந்த 'பனோரமா' என்ற சொல்லே இதற்கு முன்மாதிரி. 1822இல் பாரிஸில் லூயி டாகேரும் ஷார்ல் மாரி பூத்தோனும் திறந்த காட்சியரங்கில், மெல்லிய பெருந்துணியின் இருபுறமும் ஓவியம் தீட்டி, முன்னும் பின்னுமாக ஒளியை மாற்றி, ஒரே நிலக்காட்சியில் பகல் மங்கி இரவு கவிவதுபோல் காட்டினார்கள். பார்வையாளர் அமர்ந்திருந்த தளமே மெல்லத் திரும்பி, அவர்களை அடுத்த காட்சியின் முன் நிறுத்தியது. ஒளி துணியின் ஊடாக வந்ததால்தான் 'டியா' என்ற முன்னொட்டு பொருந்தியது. 1839 மார்ச்சில் அந்த அரங்கு எரிந்து அழிந்தது. அதே ஆண்டில் டாகேர் தம் ஒளிப்பட முறையால் உலகப் புகழ் பெற்றார்.

சிறு உருவங்களை வைத்துப் போர்க்களம் அமைக்கும் வழக்கம் இச்சொல்லைச் சாராமலே வளர்ந்தது. வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் படை அலுவலர், 1830இல் தமக்கு இடப்பட்ட பணிக்காக, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ களத்துப் பண்ணைவீடு ஒன்றில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார்; போரிலிருந்து மீண்ட அலுவலர்களுக்குக் கடிதம் எழுதி, இன்ன நேரத்தில் உங்கள் அணி எங்கே நின்றது, எதிரே என்ன பயிர் இருந்தது என்று கேட்டறிந்தார். பல்லாயிரக்கணக்கான உலோகப் பொம்மைகளோடு 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்த அந்தப் படைப்பை மக்கள் 'மாடல்' என்றே அழைத்தார்கள். பிரிட்டனின் துணைப்படையான பிரஷ்யப் படையை அவர் நிறுத்திய இடம், பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தரப்புக்கு உவப்பாக இல்லை. சர்ச்சைக்குப் பின் பிரஷ்யப் பொம்மைகள் பல நீக்கப்பட்டன. பொம்மைதானே என்று யாரும் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்காக வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் முன்னின்று செய்வித்தவற்றுக்கும் முதலில் வழங்கிய பெயர், தமிழில் சொன்னால், 'பட மாதிரிகள்'. பாடம் செய்த விலங்குகளைத் தீட்டிய பின்திரைக்கு முன் நிறுத்திய இயற்கையியல் அருங்காட்சியகங்களின் வழியாகவே 'டயோராமா' இப்பொருளில் பரவி, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சிறு மாதிரிகள் செய்யும் பொழுதுபோக்காளரிடம் நிலைத்தது. ஒளி போய்விட்டது, ஊடாகப் பார்ப்பதும் போய்விட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது. ஆகவே வேர்ப்பொருளை அப்படியே பெயர்த்து 'ஊடுகாட்சி' என்று சொல்லாக்குவது இன்றைய பொருளுக்கு உதவாது.

பொருளில் நேர்ந்த இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியமானது. டாகேரின் காட்சியில் காலம் நகர்ந்தது; இன்றைய டயோராமாவில் அது நிறுத்தப்படுகிறது. நம் பெரியவர் கட்டுவது 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் நடந்தது. கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைமை தாங்கிய மதராஸ் சேப்பர்கள் சுபேதார் சுப்ரமணியன், உடன் வந்தவர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டதை உணர்ந்ததும், அது வெடிப்பதற்குள் இருந்த சில நொடிகளில் அதன்மேல் பாய்ந்து, தம் உடலால் மூடி மற்றவர்களைக் காத்து உயிர்நீத்தார். பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் வீர விருது பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவர். பெரியவர் பாய்ச்சலையும் வெடிப்பையும் விட்டுவிட்டு, அதற்கு ஒரு நொடி முந்தைய நிலையைத் தேர்ந்திருக்கிறார்: பாதையைக் குறிக்கும் வெள்ளை நாடா, வெடி கண்டறியும் கருவி ஏந்திய வீரர், தலையைத் திருப்பும் சுபேதார். அளவு 1:35, அதாவது ஐந்தரை அடி மனிதர் 4.8 செ.மீ. ஆவார். அக்காலத்தில் ஜெர்மானியர் பரவலாகப் புதைத்த எஸ்-மைன் என்ற கண்ணிவெடியின் உயரம் ஏறத்தாழ 13 செ.மீ.; இங்கே அது 4 மி.மீ.கூட வராது, அதுவும் காய்ந்த தேயிலைச் சக்கையும் ஃபெவிகாலும் சேர்ந்த மண்ணுக்குள் மறைந்திருக்கும். காட்சி முழுவதற்கும் காரணமான பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதையும் அளவு பிசகாமல் செய்துதான் புதைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். 'முப்பரிமாணக் காட்சி' என்பது கண்ணாடி அணிந்து பார்க்கும் திரைப்படத்தையும் குறிக்கும். 'காட்சிப்பேழை' அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும். ஆனால் பேழை என்பது பெட்டி, மேசைமேல் திறந்து கிடக்கும் நிலம் பெட்டியாகாது. 'மாதிரி' என்றால் துணிக்கடைத் துண்டும் மாதிரி, வினாத்தாளும் மாதிரி.

நம்மிடம் இருக்கும் இரண்டு பழஞ்சொற்களைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மனித உருவத்தைக் குறிக்கும் 'பாவை', குறளின் மரப்பாவை முதல் தோற்பாவைக் கூத்து வரை அறுபடாமல் வழங்குகிறது. 'களம்' என்பது நெல் அடிக்கும் இடம், கூத்து நிகழும் இடம், படை பொரும் இடம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொது. நிலத்தை அமைத்து, அதில் உருவங்களை நிறுத்துவதே இக்கைவினை. ஆகவே 'பாவைக்களம்'. போர்க்காட்சியானால் 'போர்ப் பாவைக்களம்'. கொலுவின் பார்க்கையும், குழந்தைகள் விரும்பினால், இதே சொல்லால் குறிக்கலாம். தொழிலுக்கும் தமிழில் மரபு உண்டு: சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞரை அடுக்கும்போது 'கண்ணுள் வினைஞரும் மண்ணீட்டாளரும்' என்று ஓவியரையும் மண்ணால் உருவம் செய்பவரையும் அடுத்தடுத்து வைக்கிறது. பாவைக்களம் அமைப்பவர் இவ்விருவர் வேலையையும் ஒருவராகச் செய்பவர்.

நினைவுகூர்தல் என்ற பொருளை இச்சொல் தாங்குமா என்று பெரியவர் கேட்டார். தாங்காது, அதற்கு நம்மிடம் 'நடுகல்' இருக்கிறது. கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில், பேகூரில் கிடைத்த கங்கர் காலத்து வீரக்கல் ஒன்றில் யானையும் குதிரையும் காலாளும் நெருங்கிப் பொருவதை அவர் பலமுறை நின்று பார்த்தவர். வீழ்ந்த மறவனின் 'பெயரும் பீடும்' எழுதி வழிதோறும் கல் நட்டதை அகநானூறு சொல்கிறது. பாவைக்களத்தை நினைவுச்சின்னம் ஆக்குவது அதில் எழுதப்படும் இந்தப் பெயரும் பீடும்தான் என்றேன்.

முடிவில் அவர் எழுதிக் காட்டிய பெயர்ப்பலகையில் சுபேதாரின் பெயரும் படைப்பிரிவும் முதல் வரியிலும், 'மின்யானோ, 24.2.1944' என்பது அடுத்த வரியிலும் இருந்தன. 'பாவைக்களம், 1:35' என்பது கீழ்மூலையில், தாம் வைத்த கையெழுத்துக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருந்தது.