கோட்: பழுதுக்குறியா, பிழைக் குறியீடா?

ஹட்டனிலும் நானுஓயாவிலும் மண் வெட்டும் இயந்திரம் எதுவானாலும் அது பெக்கோதான். ‘பேக்ஹோ’ என்ற ஆங்கிலப் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் இப்படித் தேய்ந்துவிட்டது. சரியாகச் சொன்னால் பேக்ஹோ என்பது முன்னால் வாளியும் பின்னால் தோண்டும் கையும் உள்ள டயர் வண்டி. செயினில் ஓடி, இடுப்புக்கு மேலே முழுவட்டமாகச் சுழலும் எக்ஸ்கவேட்டர் வேறு. மலையகத்தில் அந்தப் பிரிவினை யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பெக்கோவின் மொனிட்டரில் கோளாறைக் காட்ட ஓர் எழுத்தும் சில எண்களும் வந்து நின்றால் ‘கோட் விழுந்திருக்கு’ என்பார்கள். ‘ஃபோல்ட் கோட்’ என்பதில் ஃபோல்ட் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

கோட் என்பதன் மூலம் லத்தீன். ‘காடெக்ஸ்’ என்றால் அடிமரம். மரத்தைப் பலகையாக அறுத்து, மெழுகு பூசி எழுதினார்கள். அந்தப் பலகைக் கட்டு ‘கோடெக்ஸ்’ ஆனது. பிறகு அது புத்தகம், சட்டத் தொகுப்பு என்று பொருள் விரிந்து, 19ஆம் நூற்றாண்டில் கொடியாலும் தந்தியாலும் செய்தி அனுப்பும் சங்கேத முறைக்குப் பெயரானது. இயந்திரத்துக்கு வந்தது அந்தக் கடைசிப் பொருளில்தான். உதிர்ந்துபோன ஃபோல்ட்டின் வேர் ‘ஃபால்லெரே’, அதாவது ஏமாற்றுதல். கோட்டை நம்பி பம்ப் மாற்றியவர்களுக்கு இது வியப்பாக இராது. (இணையத்தில் சிலர் ‘கோடு’ என்று எழுதுகிறார்கள். தமிழில் கோடு என்றால் வரைகிற கோடு, பழந்தமிழில் மலையுச்சி. அதை விட்டுவிடலாம்.)

தமிழில் என்ன சொல்வது? ‘பிழைக் குறியீடு’ கணினித் திரையிலிருந்து வந்தது. பிழை மனிதர் செய்வது. வயர் அறுந்தால் அது பிழையில்லை. ‘வழு’ இலங்கைப் பாடநூல்களில் அளவீட்டுக்கு உரியது. பூச்சிய வழு படித்தவர்களுக்குத் தெரியும். பொருளுக்கு வரும் கேட்டைச் சொல்ல நம்மிடம் உள்ள சொல் பழுது. ‘பழுதெண்ணும் மந்திரி’ என்று குறள் 639 சொல்லும்போது அது கேடு, தீங்கு. இன்று வாகனத்துக்கும் பல்லுக்கும் அதே சொல்தான். ஆக முற்பாதி பழுது.

பிற்பாதியில் ‘குறியீடு’ வேண்டாம், ‘குறி’ போதும் என்பது என் கட்சி. குறியீடு என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்த அடையாளம்: இந்த எண்ணுக்கு இந்தப் பாகம், கழற்றி மாற்று. குறி அப்படியில்லை. நோய்க்குறி, அறிகுறி என்கிறோமே, அந்தக் குறி. காய்ச்சல் ஒரு குறி, நோயின் பெயர் அன்று. கோட்டும் இயந்திரத்தில் உள்ள கணினி கண்டதைத்தான் சொல்கிறது. அது காணாததைச் சொல்ல அதற்கு வழியில்லை.

எஞ்சின் கணினிகள் பல பின்பற்றும் ஜே1939 என்ற தரத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு எண்கள். முதல் எண் எதைப் பற்றியது என்று சொல்லும். 100 என்றால் எஞ்சின் எண்ணெய் அமுக்கம், 110 என்றால் குளிர்நீரின் வெப்பநிலை. வால் எண் என்ன கோளாறு என்று சொல்லும். 100க்கு வால் 1 என்றால் அளவீடு நம்பத்தக்கது, அமுக்கமே ஆபத்தாக இறங்கிவிட்டது: எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். 3 என்றால் உணரியின் (சென்சரின்) வோல்ற்றளவு அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். 5 என்றால் சுற்று திறந்திருக்கிறது, 6 என்றால் எங்கோ பாடியில் தொட்டு மின்னோட்டம் மிகுந்துவிட்டது. 3 முதல் 6 வரை வந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டியது மின்சுற்றை அளக்கும் மல்டிமீட்டர், ஸ்பேனர் அல்ல. முதல் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு பாகம் வாங்க ஓடுவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது.

கொமாட்சு பிசி200 எக்ஸ்கவேட்டரின் பழைய தலைமுறைகளில் வரும் ஈ02 நல்ல உதாரணம். பம்பின் சுமையை எஞ்சினுக்கு ஏற்றபடி அடக்கும் வால்வை ஒரு வரிச்சுருள், அதாவது சொலினொய்ட், இயக்குகிறது. அதன் மின்சுற்றில் கோளாறு என்பதே ஈ02. ‘பம்ப் கோட்’ என்று பெயர் வாங்கிவிட்டதால் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. கனெக்டரைக் கழற்றி முள்ளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, சுருளின் தடையை அளந்து, வயரை கொன்ட்ரோலர் வரை தொடர்ந்து போவதுதான் வழி. வேலை அவசரமென்றால் கேபினில் உள்ள அவசர பம்ப் சுவிட்சைப் போட்டு ஓட்டி முடிக்கலாம், அது தற்காலிகம்.

மறுபக்கம் ஹைட்ரோலிக். இதன் மூலம் கிரேக்கம்: ‘ஹைடோர்’ நீர், ‘அவ்லோஸ்’ குழல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் க்டெசிபியஸ் செய்த நீர்க்குழல் இசைக்கருவியிலிருந்து பெயர் வந்தது. பாடநூல் இதை ‘நீரியல்’ என்கிறது. ஆனால் பெக்கோவின் ஹோசில் ஓடுவது சொட்டு நீரும் கூடாத எண்ணெய். நீரியல் என்றால் ஆறு, மழைக் கணக்கும்தான். ‘எண்ணெய் அமுக்கத் தொகுதி’ என்றால் பெக்கோ ஓட்டுபவருக்கு உடனே புரியும். நீளம்தான், பரவாயில்லை.

இந்தத் தொகுதி பெரும்பாலும் குறியே காட்டாமல் கெடும். 20 டன் பெக்கோவின் பிரதான அமுக்கம் சுமார் 350 பார், லீவரிலிருந்து போகும் கட்டளை அமுக்கம் அதில் பத்தில் ஒன்று அளவு. எண்ணெயை வழிதிருப்பும் ஸ்பூலில் துகள் சிக்கினாலும், மிகுந்த அமுக்கத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு தேய்ந்தாலும் மின்சுற்று ஒழுங்காகவே இருக்கும், கணினி வாய் திறக்காது. பூம், அதாவது பெரிய கை, மெதுவாக ஏறுகிறது, கோட் இல்லை என்றால் அமுக்கம் காட்டும் கேஜ் போட்டு அளக்கத்தான் வேண்டும்.

மலைக்கென்றே ஒரு குழப்பமும் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் மூச்சுவாங்கும்போது பம்ப் பலவீனம் போலவே தோன்றும். கறும்புகையோடு சத்தம் இறங்கினால் முதலில் எயார் ஃபில்டரையும் டர்போ ஹோசையும் பார்க்க வேண்டும். பனியும் மழையும் கனெக்டருக்குள் இறங்கினாலோ, காலையில் ஒரு குறி, வெயில் ஏறினால் இல்லை. பழுதை என்று மிதிக்கவும் முடியாது, பாம்பு என்று தாண்டவும் முடியாது என்ற நிலை. (அந்தப் பழுதை வைக்கோற்புரி.)

இதனால்தான் ‘நடப்புக் குறி’, ‘பதிவுக் குறி’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது நல்லது. இப்போது இருப்பது நடப்பு, வந்துபோய் நினைவில் தங்கியது பதிவு. ரீகண்டிஷன் பெக்கோ வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது இரண்டாவதை. ‘கோட் ஒன்றும் இல்லை’ என்று விற்பவர் காட்டும் திரை, காலையில் அழித்த திரையாகவும் இருக்கலாம். எண்ணெய் சூடேறும்வரை வேலை செய்ய விட்டு, பூம், ஆர்ம், சுழற்சி எல்லாவற்றையும் சேர்த்து இயக்கிய பிறகு பதிவுக் குறிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திரை ஜப்பான் மொழியில் இருந்தாலும் எண்கள் எண்கள்தானே, அவற்றைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.