40 அடியில் பிடித்த பிக்கரலை விட்டாலும் அது போகாது

போன ஒக்டோபரில் என் படகில் வந்த தம்பி ஒருவர் 40 அடி ஆழத்திலிருந்து நல்லதொரு பிக்கரலை ஏற்றினார். படம் எடுத்து முடிந்ததும், "அண்ணை, பெரிசு, பாவம், விட்டுடுவம்" என்று தண்ணீரில் விட்டார். மீன் கீழே போகவில்லை. வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கடற்காகம் அதன் மேலே சுற்றத் தொடங்கியது. தூண்டில் இறக்கும் முன்னமே நான் சொல்லியிருக்க வேண்டும். பிழை என்னுடையதுதான்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஏரிகளில் மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் படகு ஓட்டுகிறேன். புத்தகத்தில் வால்ஐ என்று போட்டிருக்கும் மீனைத்தான் இங்கே பேச்சில் பிக்கரல் என்கிறார்கள்.

கோடையில் ஆழமான ஏரிகள் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும். மேலே சூடான தண்ணீர், அடியில் குளிர்ந்த தண்ணீர். அடியில் பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு. இலையுதிர்காலத்தில் மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்க, எல்லாம் கலந்துவிடும். கலக்கிற அந்தச் சில நாட்கள் அடிக்குப்பை மேலே வரும், சில இடத்தில் கூழ்முட்டை நாற்றம்கூட அடிக்கும். மீன் சிதறிக் கிடக்கும். அப்போது மல்லுக்கட்டாமல் வேறு ஏரிக்குப் போவதே மேல்.

கலந்து முடிந்தால் அடிவரை ஒட்சிசன் இருக்கும். பிக்கரலும் ஆழத்துக்கு இறங்கும். ஆழம் குறைந்த திட்டு சட்டென்று சரிந்து, பாறை முடிந்து சேறு தொடங்கும் இடமாகப் பாருங்கள். 20 முதல் 40 அடி வரை சோனாரில் (ஒலியால் மீனைக் காட்டும் கருவியில்) அடியோடு ஒட்டிய கோடுகள் தெரியும். கால் அவுன்ஸ் ஜிக்கில், அதாவது தலையில் பாரம் வைத்த கொக்கியில், ஒரு சிறுமீனைக் கோத்து, தரையைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக நகர்த்தினால் போதும். குளிர்ந்த தண்ணீரில் பிக்கரல் துரத்தி வராது. வெடுக்கென்ற இழுப்பையும் எதிர்பார்க்காதீர்கள், ஈரத்துணி மாட்டியது போல ஒரு பாரம்தான் தெரியும்.

சிக்கல் இங்கேதான். பிக்கரலின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. ட்ரவுட் மீனுக்கு அந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு, காற்றை வெளியே விட்டுவிடும். பிக்கரலுக்கு அது இல்லை. 33 அடியில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், வயிறு வாய்வழியே தள்ளும். நீந்திப் போகிற மீனும் பிறகு செத்துப்போகலாம். மெதுவாகச் சுற்றி ஏற்றினால் சரி என்பார்கள். சரியில்லை, அந்தக் காற்று இரத்தத்தில் கலந்து வெளியேற மணிக்கணக்காகும். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று உள்ளுறுப்பைக் கிழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் இப்போது என் படகில் 30 அடிக்குக் கீழே போனால் பிடிப்பது சாப்பாட்டுக்கு, சட்டம் விடுகிற எண்ணிக்கை முடிந்ததும் தூண்டில் மேலே. ஒன்ராறியோவில் 20 மீன்பிடி வலயங்கள் இருக்கின்றன. எத்தனை மீன், எந்த நீளம், எந்தத் தேதிவரை என்பதை உங்கள் வலயத்துக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் வருவது விட்டே ஆகவேண்டிய நீளத்து மீன்களாக இருந்தால் உடனே இடம் மாற்றுங்கள். பொரிக்க நடுத்தர மீன்தான் ருசி. பெரியதில் பாதரசமும் கூடுதல், பெரிய பெண்மீன் இலையுதிர்காலத்திலேயே அடுத்த வசந்தத்துக்கு முட்டை வளர்த்துக்கொண்டிருக்கும்.

பெரியதைப் பிடித்து விடத்தான் ஆசை என்றால் பொழுதுபடும்வரை பொறுங்கள். பிக்கரலின் கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு, டோர்ச் அடித்தால் பூனைக்கண் போல மின்னும். அரையிருட்டில் இரைமீனைவிட அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் இருள இருள ஆழம் குறைந்த பாறைத் திட்டுக்கு ஏறிவரும். ஒல்லியான நீள இரையை மெதுவாக இழுங்கள். மிதவை அங்கியைக் கழற்றவே வேண்டாம், அந்தக் குளிரில் விழுந்தால் கைகால் இயங்குவது பத்து நிமிடம் அளவில்தான். மிஞ்சிய இரைமீன் வாளியைக் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் கொட்டுவதும் குற்றம்.

அந்தத் தம்பி இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் வந்தார். இருட்டியபிறகு, 8 அடித் தண்ணீரில், முன்னதைவிடப் பெரியது ஒன்று மாட்டியது. தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றினோம். அவர் போனைத் தேடி எடுப்பதற்குள் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.