தொட்டால் ஷாக் அடிக்கும் சிறுமி சாத்தியமா?

டி.வி. தொடர்களில் வரும் சக்திக்காரச் சிறுமிக்குக் கோபம் வந்தால் போதும், தொட்டவர் தூக்கி எறியப்படுகிறார். உடம்பில் அப்படி மின்சாரம் ஊறுமா என்று தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். ஊறும். அந்த வித்தை தெரிந்த மின்திருக்கை என்ற மீன் அவர் ஊர்க் கடலிலேயே இருக்கிறது.

நரம்பும் தசையும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன என்பது பள்ளிப் பாடம். ஓய்விலுள்ள தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 0.09 வோல்ட் தாழ்வு. சிறுமிக்கும் உண்டு, அவள் பாட்டிக்கும் உண்டு. தசை வேலை செய்யும்போது இந்த அழுத்தம் மாறும். ஆனால் நம் தசையில் இந்த மாற்றம் செல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் நடப்பதால் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இதயமே துடித்தும் ஈ.சி.ஜி.யில் தோலுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 0.001 வோல்ட்.

திருக்கையின் சாமர்த்தியம் ஒருதலைப்பட்சம். அதன் தலைக்கு இருபுறமும் உள்ள மின்னுறுப்புகளில், சுருங்கும் வேலையை மறந்துவிட்ட தசைச் செல்கள் தட்டையாகி அப்பளக்கட்டு போல அடுக்கியிருக்கின்றன. நரம்பு வந்து சேர்வது ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கத்தில் மட்டும். ஓய்வில் இரு பக்க மின்னழுத்தமும் சமமாக எதிர்த்து நிற்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. மூளை ஆணையிட்டதும் நரம்புமுனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அடிப்பக்கக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. மேல்பக்கம் அசையவே அசையாது. சமநிலை உடைந்தது, தட்டு ஒரு குட்டி பேட்டரி ஆகிவிட்டது! ஒரு தட்டுக்கு 0.1 வோல்ட்கூட இல்லை. நூற்றுக்கணக்கில் ஒரே கணத்தில் சேரும்போது முதுகு நேர்மின்முனை, வயிறு எதிர்மின்முனை. பெரிய இனங்களில் 50 வோல்ட்டைத் தொடும். இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1800இல் அறிவித்த மின்கல அடுக்குக்கு இந்த உறுப்புதான் முன்மாதிரி.

உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். ஆகவே திருக்கைக்கு வோல்ட்டைவிட ஆம்பியர், அதாவது பாயும் மின்னோட்டத்தின் அளவு, முக்கியம். அடுக்குகளை நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறது. நன்னீரில் வாழும் தென் அமெரிக்க மின்விலாங்கோ நீளவாக்கில் அடுக்கி 860 வோல்ட் வரை எட்டும்.

வலையில் சிக்கியது செத்ததுபோலக் கிடந்தாலும் முதுகிலும் வயிற்றிலும் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. காய்ந்த மரக்கம்பால் தள்ளிவிடுங்கள். அடுத்தடுத்து அடித்தால் அதன் வலு குறையும், தீர்ந்தது என்று நம்ப வேண்டாம்.

சிறுமிக்கு இப்படி ஓர் உறுப்பு இருந்தாலும், காய்ந்த தோலின் தடை ஆயிரக்கணக்கான ஓம். எதிரியும் அவளும் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால்தான் சண்டையே எடுபடும். தொடர் எடுப்பவர்கள் கவனிக்க.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. மூளை நரம்புகள் கட்டுக்கடங்காமல் கூட்டமாகத் துடித்தால் அது வலிப்பு. கண் செருகி உடல் வெட்டும் குழந்தைமேல் சக்தி இறங்கியதாகக் காட்டுவதை இந்தக் கரையில் வேடிக்கையாக விட்டுவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இங்குள்ள ஏர்வாடியில், தர்கா நோயைத் தீர்க்கும் என்று நம்பிக் கொண்டுவரப்பட்டு, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீயில் இறந்தார்கள். வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்கவும் வேண்டாம். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108.