'சரியல்ல' என்பதைச் சுருக்கலாமா?

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வேலை கிடைக்காதா என்ற ஆசையோடு சுருக்கெழுத்து பழகுகிறவர்களில் பலர் ஒரே இடத்தில் தேங்கி நிற்கிறார்கள். நிமிடத்துக்கு 80 சொற்கள் வரை கை தடையில்லாமல் ஓடுகிறது. சீனியர் தேர்வு கேட்கும் 120 மட்டும் எட்டவே மாட்டேன் என்கிறது. விரலை இன்னும் வேகமாக அசைத்தால் போதும் என்று நினைப்பதுதான் கோளாறு.

120 என்றால் நொடிக்கு இரண்டு சொற்கள். பிட்மன் முறையின் கோடுகளே இதற்குப் பெருமளவு இடம் கொடுத்துவிடுகின்றன. 1837-இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட இந்த முறை எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு ஒலியைப் பிடிக்கிறது. 'பல்' என்பதன் முதல் ஒலிக்கு மெல்லிய கோடு. 'பஸ்' என்பதன் முதல் ஒலிக்கு அதே கோட்டைச் சற்று அழுத்திப் போட வேண்டும். கோட்டைப் பாதியாகக் குறைத்தால் 'ட்' ஒலி சேர்ந்துகொள்ளும். வேகத்தில் உயிர்க்குறிகளைப் போடாமல் விட்டாலும், வரிக்கு மேலே, வரிமேல், வரியை வெட்டி என்று கோடு நிற்கும் இடமே எந்த உயிரொலி என்று குறிப்புக் காட்டும்.

மீதி வேகம் சுருக்கங்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சில சின்னச் சொற்களே திரும்பத் திரும்ப வருவதால் அவற்றுக்குப் புள்ளியும் சிறு கீறலும் போதும். தமிழில் அந்தச் சுமையைச் சொற்களின் வால்கள் சுமக்கின்றன: 'கொண்டிருந்தார்', 'வேண்டியிருக்கிறது', 'என்பதால்'. தமிழில் பழகுகிறவர் முதலில் கைவசப்படுத்த வேண்டியவை இந்த வால்களே. அடுத்தது நீதிமன்றத்தின் வாய்ப்பாடுகள்: 'அரசு தரப்பு சாட்சி', 'தாவா சொத்து', 'சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது'. இவற்றைப் பேனாவை எடுக்காமல் ஒரே தொடராக எழுதிவிடலாம். பேனாவைத் தூக்கி வைப்பதும் நேரம்தானே!

ஊருக்கு ஊர் சுருக்கம் மாற வேண்டும் என்பது என் கட்சி. தோல் தொழிற்சாலைகள் பாலாற்றில் விட்ட கழிவு பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேலூரின் பெயராலேயே அறியப்படுகிறது. பழைய வட ஆற்காட்டில் 'தோல் பதனிடும் தொழிற்சாலை' என்ற தொடருக்குத் தனிக் குறி வைத்துக்கொள்வது லாபம். நாகப்பட்டினத்தில் அதே குறி வெறும் சுமை.

சுமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தேர்ந்த சுருக்கெழுத்தர் பேச்சுக்குச் சில சொற்கள் பின்தங்கியே எழுதுகிறார். அந்தச் சொற்களைத் தாங்கும் குறுகிய கால நினைவு மிகச் சிறியது. பழகிய தொடர் எத்தனை சொற்களானாலும் அங்கே ஒரே பொருளாக உட்கார்ந்துகொள்ளும். பழகாத சுருக்கமோ, 'இதற்கு என்ன குறி?' என்று தேட வைக்கும். இரண்டு நொடி தேடினால் நான்கு சொற்கள் போய்விடும்; முழுதாக எழுதியிருந்தால் இழப்பே இல்லை. நோட்டு நிறையச் சுருக்கங்களை நகலெடுத்து வைப்பவர்களின் வேகம் குறைவது இதனால்தான். சிலவற்றை மட்டும் எடுத்து, தனித்தனியாக அல்லாமல் வாக்கியங்களுக்குள் வைத்து, யோசிக்காமல் கை போகும்வரை டிக்டேஷன் எழுத வேண்டும்.

சுருக்கக் கூடாதவையும் உண்டு. ஆள் பெயர், தேதி, சர்வே எண் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணை முழுக்க 'என்று சொன்னால் சரிதான்', 'என்று சொன்னால் சரியல்ல' என்றே போகும். நீதிபதி தீர்ப்பைச் சொல்லும்போது அந்தப் பதில்கள் மறுபடி வரும். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்று. கடைசிச் சொல்லில் சாட்சி ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா என்பதே தலைகீழாகிவிடும். 'என்று சொன்னால்' வரை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்குங்கள். முடிவை முழுக் கோட்டில், உயிர்க்குறியோடு எழுதுங்கள்.

அமெரிக்க நீதிமன்றங்களின் ஸ்டெனோடைப் இயந்திரத்திலும் இதே சிக்கல்தான். பல விசைகளைச் சேர்த்து ஒரே அழுத்தில் ஒரு சொல்லையோ தொடரையோ பதிவுசெய்வார்கள். அங்கே நீதிமன்றச் சுருக்கெழுத்தருக்கான தகுதித் தேர்வில் சாட்சியப் பகுதிக்கு நிமிடத்துக்கு 225 சொற்கள் வேண்டும். ஒரே அழுத்தை இரண்டு சொற்களுக்கு ஒதுக்கினால், அழுத்துகளைச் சொற்களாக மாற்றும் கணினி தவறானதைத் தூக்கிப் போட்டுவிடக்கூடும். பிட்மன் நோட்டைப் படிப்பவர் முன்பின் சொற்களைப் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் 'சரிதான்', 'சரியல்ல' இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் பொருந்துமே, எதை வைத்து ஊகிப்பது?

எனவே ஒரு சுருக்கம் தேறியதா என்பதை எழுதும்போது அல்ல, மறுநாள் காலையில் நோட்டைத் திறந்து தட்டச்சு செய்யும்போது பாருங்கள். தயங்கிய குறியைச் சிவப்பில் வட்டமிட்டு, இரண்டாவது முறையும் தயங்கினால் அதை அடித்துவிட்டு முழுச் சொல்லுக்கே திரும்புங்கள்.