மாத்திரை வீடு வந்த பிறகு: மக்களைத் தேடி மருத்துவத்தில் செவிலியரிடம் என்ன கேட்கலாம்?

சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் மக்களைத் தேடி மருத்துவத்தைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். தமிழக அரசு இதை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரையோடு செவிலியரின் கவனிப்பும் இதில் சேர்த்தி. ஆனால் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

வீட்டுக் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் பெண் சுகாதாரத் தன்னார்வலர். உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார், மாத்திரை தருவார். அவர் செவிலியர் அல்ல. மருந்து பற்றிய சந்தேகங்களுக்குத் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் இடைநிலை சுகாதாரச் செவிலியரைப் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் செவிலியரும், தேவைப்பட்டால் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருவார்கள். எதற்கும் காசு கிடையாது.

செவிலியர் எதற்கு, மாத்திரையை விழுங்கத் தெரியாதா என்று கேட்கலாம். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. மறதி ஒரு காரணம்தான். நம் வீடுகளில் வேறு காரணங்களும் உண்டு. பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் சாப்பிட்டுச் சிலருக்குக் கால் வீங்கும். இன்னொரு பிரஷர் மாத்திரையான எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று அவர்களாகவே நிறுத்திவிடுவார்கள், யாரிடமும் சொல்லமாட்டார்கள். இதைச் செவிலியரிடம் சொன்னால் திட்டுவார்களோ என்ற பயம் வேண்டாம். மருந்தை மாற்றும் அதிகாரம் மருத்துவருக்குத்தான் என்றாலும், விஷயத்தை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது செவிலியரின் வேலை. பல சமயம் வேறு மாத்திரைக்கு மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொரு சிக்கல், இரண்டு இடத்து மருந்து. தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்ததும் அரசு கொடுத்ததும் ஒரே மருந்தாக, மாத்திரை அட்டையில் பெயர் மட்டும் வேறாக இருக்கலாம். இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும். அதனால் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுச் செவிலியரிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதியில் விட்ட பழைய அட்டைகளும் அதில் இருக்கட்டும்.

விரத நாட்களைப் பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள். அமாவாசை, சனிக்கிழமை, ரமலான் நோன்பு என்று சாப்பிடாமல் இருக்கும் நாளில் கிளிமிப்ரைடு போன்ற சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அப்புறம், பிரஷர் அளவு சரியாக இருக்கிறது என்று தன்னார்வலர் சொன்னால் அது மாத்திரை வேலை செய்வதால்தான். நோய் போய்விட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடவும் கூடாது.

சேருவதற்குப் பெரிய நடைமுறை எதுவும் இல்லை. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பழைய மருந்துச் சீட்டைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். நோயாளியால் வர முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் போய் விவரம் சொன்னால் போதும். எங்கே போவது என்று தெரியவில்லையா, 104க்குப் போன் செய்து கேளுங்கள். மகன் வீடு, மகள் வீடு என்று சில மாதம் வெளியூரில் தங்கப் போகிறவர்கள் மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போனால், அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மருந்தைத் தொடரலாம்.