பயிருக்குத் தெளிக்கும் பாக்டீரியாவில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு: ஐரோப்பிய ஒன்றிய விதி சொல்வது என்ன?

பயிரைத் தாக்கும் புழுக்களை ஒழிக்க பாக்டீரியாவைத் தெளிப்பது பழைய வழக்கமே. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் கொண்ட முதல் வணிகத் தயாரிப்பு 1938-இல் பிரான்சில் வெளிவந்தது. ஆனால் தெளிக்கப்படுவது உயிருள்ளது என்பதால், ரசாயன மருந்துக்கு எழாத ஒரு கேள்வி இங்கே எழுகிறது. ரசாயன எச்சம் காலப்போக்கில் சிதையலாம். மரபணுவோ பாக்டீரியாவோடு சேர்ந்து பெருகும், மண்ணிலோ குடலிலோ வேறொரு பாக்டீரியாவுக்குத் தாவவும் கூடும். அது ஆன்டிபயாடிக்கை முறியடிக்கும் மரபணுவாக இருந்தால், அதன் விளைவு நோயாளியின் படுக்கை வரை போய்ச் சேரலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களுக்கு அனுமதி வழங்குவதை 1107/2009 எண்ணுள்ள ஒழுங்குமுறை நிர்ணயிக்கிறது. நுண்ணுயிரிகள் தொடர்பாக 2022-இல் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை எதிர்க்கக்கூடியதும், செயல்படக்கூடியதும், பிற உயிரிகளுக்குக் கடத்தப்படக்கூடியதுமான மரபணு இருப்பதாகத் தெரிந்த பாக்டீரியாவுக்கு அனுமதி கிடையாது.

இதில் 'கடத்தப்படக்கூடியது' என்ற சொல்லே விதியின் உயிர்நாடி. சில எதிர்ப்புகள் ஓர் இனத்துக்கே இயல்பானவை. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸும் அதன் நெருங்கிய உறவினங்களும் அடங்கிய செரியஸ் குழுவின் பாக்டீரியாக்கள் பென்சிலினைச் சிதைக்கும் நொதியின் மரபணுவைத் தம் குரோமோசோமிலேயே கொண்டிருக்கின்றன. இத்தகைய இயல்பு எதிர்ப்பு பரவும் வாய்ப்பு குறைவு. மாறாக, பிளாஸ்மிட் என்னும் தனி டிஎன்ஏ வளையத்திலோ இடம்பெயரும் மரபுத் துண்டிலோ அமர்ந்து வெளியிலிருந்து வந்து சேர்ந்த மரபணு, வந்த வழியே வேறொன்றுக்கும் போகலாம். எதிர்ப்பு உள்ளதெல்லாம் ஆபத்து என்று ஒரே கோலால் அளந்திருந்தால் பயனுள்ள பல பாக்டீரியாக்களை இழந்திருப்போம். எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று கேட்பதே சரியான அணுகுமுறை என்பது என் கருத்து.

அதனால்தான் அனுமதி இனத்துக்கு அல்லாமல் குறிப்பிட்ட திரிபுக்கே, அதாவது இனத்துக்குள் உள்ள தனி வகைக்கே, வழங்கப்படுகிறது; ஒரே இனத்தின் இரு திரிபுகளில் ஒன்றில் மட்டும் அந்தப் பிளாஸ்மிட் இருக்கலாம். ஐரோப்பிய ஆணையம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, திரிபின் முழு மரபுத்தொகுதியையும் வரிசைப்படுத்தி, அறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களின் தரவுத்தளங்களோடு ஒப்பிட வேண்டும். எந்த அளவு மருந்துக்கு அந்தத் திரிபு அடங்குகிறது என்பதை ஆய்வகத்திலும் சோதிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்படும் வைரஸ்கள் மீது ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

'குறைந்த ஆபத்துடையது' என்ற தகுதி பெற்ற பொருளுக்கு முதல் அனுமதி 15 ஆண்டு வரை கிடைக்கலாம். பொதுவான உச்சவரம்பு 10 ஆண்டு. தொற்று ஏற்பட்டால் சிகிச்சைக்குப் போதிய மருந்து வகைகள் மிஞ்சாத திரிபுக்கு அந்தத் தகுதி கிடைக்காது.

விதி பேசுவது இன்று அறியப்பட்ட மரபணுக்களைப் பற்றி மட்டுமே. தரவுத்தளங்கள் ஆண்டுதோறும் வளர்கின்றன. ஆகவே அனுமதியைப் புதுப்பிக்கக் கோரும்போது, அப்போதைய அறிவியலின்படி அதே திரிபு மீண்டும் ஆராயப்படுகிறது.